டைம்டேபிளும் ஐந்து முப்பத்தைந்து பஸ்ஸும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் இன்றைக்கு நர்ஸாகவும் இன்ஜினீயராகவும் டீச்சராகவும் நடமாடிக்கொண்டிருக்கும் இளம்பெண்களில் பாதிப் பேரை உருவாக்கியது பள்ளிக்கூடம் இல்லை, பெற்றோர் இல்லை, அரசாங்கமும் இல்லை. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தையும் நான்கு ஸ்கெட்ச் பேனாக்களையும் வைத்திருந்த ஒரு பதினைந்து வயதுப் பெண்தான். மீதிப் பாதியும் அவளால்தான் என்று எழுதத்தான் ஆசை. பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார் என்பதால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் பெயர் டைம்டேபிள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரிஜிஸ்டரில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பின்பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பாள். இரண்டு வாரத்தில் மிஸ்களும் மாறிவிட்டார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே ‘டைம்டேபிள்’ என்றால் ‘பிரசன்ட் மிஸ்’ என்று பதில் வரும்.

அவளை நான் முதலில் பார்த்தது ப்ளஸ் ஒன் அட்மிஷன் வரிசையில். உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் நின்ற எங்களுக்கு குரூப்பையும் அப்படியே குலுக்கிப் போட்டு எடுத்துக் கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கும் பயாலஜியும் சேர்ந்து வரும். தேர்ட் குரூப் என்றால் காமர்ஸ். அதற்கு மேல் எங்களில் ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவள் மட்டும் திரும்பித் திரும்பி எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா குரூப்பு எடுக்கப் போற?” என்று என்னைக் கேட்டாள்.

“தெரியல. அப்பா ஃபர்ஸ்ட் குரூப்பு எடுக்க சொல்றாரு.”

“உனுக்கு இன்னா புடிக்கும்?”

“தெரியல.”

“செரி, எந்த பஸ்ஸு?”

“பஸ்ஸு இல்ல. எங்கப்பா வண்டில வந்து இட்டுக்கினு போவாரு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப நீ எந்த குரூப்பு வேணாலும் எடுக்கலாம்டி,” என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவளிடம் போய்விட்டாள். என் மார்க்கை அவள் கேட்கவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

ஃபர்ஸ்ட் குரூப் பாரத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் அம்மாவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் ரத்தம் எடுத்து, சிவப்பு மூடி, ஊதா மூடி, பச்சை மூடி என்று கலர் கலரான டியூப்களில் பிரித்து, ஸ்டாண்டில் வரிசையாக வைத்தாளாம். டைம்டேபிள் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். “அந்த வேலைதான்டி எனுக்கு. ஒவ்வொன்னும் அதது எடத்துல நிக்குது பாரு.” லேப் டெக்னீஷியன் என்ற வார்த்தையை வாயில் வெல்லம் போட்டுக்கொண்ட மாதிரி சொல்லுவாள். அதற்கு பயாலஜி வேண்டும், பயாலஜிக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். மார்க்கும் இருந்தது.

அவளுடைய தொழிலுக்கு வருகிறேன். படிப்புக்கு டைம்டேபிள் போட்டுத் தருகிற மற்றவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று ஆரம்பிப்பார்கள். அவள் அதைக் கேட்கவே மாட்டாள். “அல்லாரும் நாலு மணின்னு பொய் சொல்லுவாளுங்க,” என்பாள். அவள் கேட்பது மூன்று கேள்விகள். எந்த பஸ்? தண்ணி எப்ப வருது? வூட்ல எந்நேரத்துக்கு யாரு கத்துவாங்க? மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, முதலில் பென்சிலில் வரைந்து, பிறகு ஸ்கெட்ச் பேனா ஓட்டி, பென்சிலை ரப்பரால் அழித்து, ஊதிவிட்டுத் தருவாள். கூலி என்று ஒன்றும் கிடையாது. டிபன் பாக்ஸில் புளிசாதம் இருந்தால் பாதி எடுத்துக்கொள்வாள்.

ஹாஸ்டலில் இருந்த தென்னேரிக்காரி ஒருத்திக்குக் காலையில் குளியலறை வரிசையிலேயே நாற்பது நிமிடம் போய்விடும். அவளுடைய சார்ட்டில் அந்தக் கட்டத்தில் ‘கெமிஸ்ட்ரி சமன்பாடுகள் – பக்கெட்டுடன்’ என்று போட்டாள். கணக்கைப் பார்த்தாலே கண்ணீர் வருகிற ஒருத்திக்குக் கணக்குக்கு முந்தின கட்டத்தில் ‘அழுகை – பத்து நிமிடம்’ என்று போட்டாள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டபோது, “அதுக்கு மேல அயுதின்னா ஃபிசிக்ஸு லேட்டாயிடும், பாத்துக்கோ,” என்றாள். இன்னொருத்தி வீட்டில் ஏழரை மணி அடித்தால் அப்பாவும் அம்மாவும் சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்துக்கு பயாலஜி படம். “சத்தத்துல மனப்பாடம் ஏறாது. கை மட்டும் வேல செய்யும்.” அந்தப் பெண் வரைந்த இதயத்தைப் பார்த்து பயாலஜி மிஸ் அசந்து, மற்ற செக்‌ஷன்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். நான்கு அறைகளும் அத்தனை துல்லியம். அந்த வீட்டில் சண்டை எவ்வளவு நேரம் நடக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எல்லார் சார்ட்டிலும் பச்சையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘சும்மா’ என்று மட்டும் எழுதியிருப்பாள். அந்த நேரத்தில் படிக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது, யாருக்காகவும் எழுந்து போகக்கூடாது. “இதுல பொஸ்தகத்த தொட்டன்னு தெரிஞ்சா மொத்த சார்ட்டையும் கேன்சல் பண்ணிடுவேன்,” என்று மிரட்டுவாள். ஃபர்ஸ்ட் குரூப்பில் நாற்பத்துமூன்று பேர். அத்தனை பேருக்கும் போட்டுக் கொடுத்தாள். ஃபிசிக்ஸ் மிஸ்கூட ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கு ஒன்று வரைந்து வாங்கிக்கொண்டதாக வதந்தி உண்டு.

அவளுக்கு மட்டும் சார்ட் கிடையாது. ஏன் என்று கேட்டேன். “என் நேரம் எனுக்குத் தெரியாதா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அப்போது நம்பினேன்.

ஜூன் முதல் வாரத்திலேயே பிரச்சினை வந்தது. பள்ளி நாலு பத்துக்கு முடியும். ஃபர்ஸ்ட் குரூப்புக்கு மட்டும் ஐந்தே கால் வரை லேபும் ஸ்பெஷல் கிளாஸும். எங்கள் பக்கம் போகிற பஸ், பெருநகர் ரோட்டில் போய் ஏரிக்கரை வழியாக ஊருக்குள் வருகிற ஒரே பஸ், நாலு நாற்பதுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் ஏழே கால் பஸ். அது ஊருக்குள் வராது. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஏரிக்கரை மேல் மூன்று கிலோமீட்டர் இருட்டில் தனியாக நடக்க வேண்டும். அவள் அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எந்த அம்மாதான் ஒத்துக்கொள்வார்.

அவள் வீடு ஏரிக்கரை முடிகிற இடத்தில், காலனியில். எங்கள் வீடு அதைத் தாண்டி ஊருக்குள். பத்தாவது வரை நான் வெளியூர்ப் பள்ளியில் படித்ததால் அதுவரை அவளைப் பார்த்ததில்லை. அவள் அப்பா கட்டட வேலைக்கு மெட்ராஸ் பக்கம் போய்விட்டு மாதம் இரண்டு தடவை வருவார். அம்மா உத்திரமேரூரில் ஒரு அரிசி மில்லில் வேலை செய்தார். அதனால் நம் டைம்டேபிள் தினமும் ஸ்பெஷல் கிளாஸைப் பாதியில் விட்டு, லேப் கோட்டைக் கழற்றிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். இரண்டு வாரம் பார்த்த ஹெச்.எம். மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “லேப் இல்லாம ஃபர்ஸ்ட் குரூப் இல்லம்மா. ஜூலை கடைசி வரைக்கும் குரூப் மாத்திக்க டைம் இருக்கு. யோசிச்சுக்கோ.”

வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள். அவள் ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, அந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, டிரைவர் எப்போது டீ குடிக்கிறார் என்று குறித்துக்கொண்டாள். பஸ் இந்தக் கோடியில் முப்பத்தைந்து நிமிடமும் அந்தக் கோடியில் நாற்பது நிமிடமும் வெறுமனே நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். இந்த நிற்பதைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்தால் நாலு நாற்பது பஸ் ஐந்து முப்பத்தைந்துக்குக் கிளம்பலாம். பஸ்ஸுக்கே டைம்டேபிள் வரைந்துவிட்டாள். நான்கு கலரில்.

அதை எடுத்துக்கொண்டு டைம் கீப்பர் அறைக்குப் போனாள். துணைக்கு நான். மைக் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் தாளை விரித்து, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

“இன்னாம்மா இது, கோலமா?”

“டைம்டேபிள் சார்.”

“எந்த கிளாசுக்கு?”

“உங்க பஸ்ஸுக்கு.”

அவர் சிரித்த சிரிப்பு மைக் வழியாக பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது. என்னவோ ஏதோ என்று டிரைவர் உள்ளே வந்தார். தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தவர் ஒரு கட்டத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். அங்கே ‘டிரைவர் டீ – 12 நிமிடம்’ என்று பச்சையில் எழுதியிருந்தது.

“இத்தினி வருசம் வண்டி ஓட்டறேன் சார்,” என்றார் டைம் கீப்பரிடம். “என் டீய எவன் சார் கணக்குல எயுதிக்கிறான்? இந்தப் பொண்ணு எயுதிக்கீது.”

அந்தப் பன்னிரண்டு நிமிடம் எங்களுக்காக டெப்போ வரை போய்ப் பேசியது. ஹெச்.எம். மேடமும் ஒரு கடிதம் கொடுத்தார். நாற்பத்துமூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பஸ்ஸே இல்லாத ஊர்க்காரிகளும் ஹாஸ்டல்காரிகளும்கூடப் போட்டார்கள். ஜூலை ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம் என்று பதில் வந்தது. அன்றைக்கு அவளை கிளாஸில் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்கவைத்துக் கைதட்டினோம்.

அந்த ஜூலையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். அப்பாவிடம் வண்டி வேண்டாம், நானும் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். “பஸ்ல இன்னா கீதுன்னு இப்படி அலையற?” என்று முணுமுணுத்தார். ஐந்து முப்பத்தைந்துக்குப் பஸ் கிளம்பும். வலது பக்கம், டயருக்கு மேலே கால் தூக்கி வைத்துக்கொள்கிற சீட் எங்களுடையது. ஏரியில் தண்ணீர் இல்லாத மாதம். கரையிலிருந்து பார்த்தால் நடு ஏரியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். மிளகாய்த்தூள் போட்ட மாங்காயை ஆளுக்கொரு கடி கடித்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் வருவோம். என் சார்ட்டில் அந்த முப்பத்தைந்து நிமிடம் முழுக்கப் பச்சை. அவள் டியூப் மூடிகளைப் பற்றிப் பேசுவாள். எந்தக் கலர் மூடி எந்தப் பரிசோதனைக்கு என்று அடித்துச் சொல்லுவாள். பாதி அவளே கற்பனை பண்ணியது என்று பின்னால் தெரிந்தது. அப்போது நான் ஒன்றுவிடாமல் நம்பினேன். அந்த மாதிரி சும்மா உட்கார எனக்கு அதற்கப்புறம் வரவில்லை. எத்தனையோ வசதியான சீட்டுகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

இரண்டாவது வாரமே பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. அரிசி மில்லில் நாலே காலுக்கு வேலை முடிந்து, நாலு நாற்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற பெண்கள் பதினோரு பேர். இப்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அது பரவாயில்லை, பேசிக்கொண்டிருந்துவிடுவார்கள் என்று டைம்டேபிள் கணக்குப் போட்டிருந்தாள். சார்ட்டிலேயே ‘மில் அம்மாக்கள் – பேச்சு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஆனால் காலனியில் பைப்பில் தண்ணீர் விடுவது ஐந்தரையிலிருந்து ஆறு வரை. பஸ் போய்ச் சேருவதோ ஆறு பத்துக்கு.

“எவன்டி அவன் பஸ்ஸ மாத்தினவன்? அவன் வூட்ல தண்ணி புடிக்கிறதே இல்லியா?” என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

“எவனோ ஆபீசராம். ஃபேனுக்கு அடியில குந்திக்கினு எயுதிட்டான்.”

“என் கையில மட்டும் கெடச்சான்னு வையி, காலிக் கொடத்த தலையில கவுத்துடுவேன்.” பெருங்குரலில் இதைச் சொன்னது டைம்டேபிளின் அம்மா.

டைம்டேபிள் பயாலஜி ரெக்கார்ட் நோட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு வாரம் ஓடியது. முன்சீட்டில் அம்மா ஆபீசரைத் திட்டிக்கொண்டு வருவார். பின்சீட்டில் ஆபீசர் தவளையின் ஜீரண மண்டலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. தொடையில் கிள்ளுவாள்.

காட்டிக்கொடுத்தது கண்டக்டர். நல்ல மனிதர், வேண்டுமென்று செய்யவில்லை. அவளிடம் பாஸை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தரும்போது, மரியாதை பொங்க, “இந்தாங்க ஆபீசர்,” என்றார். “பஸ்ஸு டயத்தையே மாத்தின ஆளு இல்ல நீங்க?”

பதினோரு தலைகளும் திரும்பின. அவள் அம்மாவின் தலை கடைசியாகத் திரும்பியது.

காலனி பைப் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. பைப் சொட்டுக்கூட விடவில்லை. பெண்கள் இறங்கி ஆளுக்கொரு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால் தேவலை. பஸ் கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு குடத்தை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மகளைக் கேட்டார்.

“ஏண்டி, ஊருக்கெல்லாம் கட்டம் போட்டியே. நம்ம வூட்டுத் தண்ணிய யாரு புடிப்பாங்கன்னு போட்டியா?”

“நான்னு நெனச்சிட்டேன்மா,” என்றாள் அவள்.

உண்மைதான். பத்தாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளி. ஐந்தரைக்குப் பைப்படியில் முதலில் நிற்பவள் அவள்தான். வீட்டுத் தண்ணீர் என்றால் அவள் மனசுக்குள் அது முடிந்துபோன வேலை. நாற்பத்துமூன்று பேரிடமும் டிரைவரிடமும் கேட்ட கேள்வியை அவள் தன்னிடம் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். சரியாக ஐந்தரை மணிக்குத் தன்னைப் பைப்படியிலும் நிறுத்தியிருந்தாள், பஸ் ஸ்டாண்டிலும் நிறுத்தியிருந்தாள்.

அத்தோடு விடவில்லை. மறுநாள் தண்ணீர் விடுகிறவருக்கு ஒரு சார்ட் வரைந்துகொண்டு போனாள். ஆறேகாலுக்குத் தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவர் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது பாப்பா. ஆனா ஆறு மணிக்கு மேல மோட்டாரு இஸ்க்கிற கரண்ட்டு கெடையாது. நீ ஈ.பி.க்குப் போயி சொல்லு,” என்றார். அவள் கரண்ட்டுக்கும் சார்ட் வரைய உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் பேனா ஓடாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எல்லாத்தையும் நவுத்தலாம்டி,” என்றாள். “ஒண்ண நவுத்தினா இன்னொன்னு கீய வுயுது.”

ஜூலை முடிய நான்கு நாள் இருக்கும்போது டைம் கீப்பரிடம் போனாள். பஸ்ஸைப் பழைய நேரத்துக்கே விட்டுவிடச் சொன்னாள். அவர் அவளுடைய சார்ட்டைத் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். “செரிம்மா. அந்த டீ பன்னெண்டு நிமிசத்த மட்டும் நாங்க வெச்சுக்கறோம்,” என்றார். அவரும் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை. அங்கிருந்து வந்து ஹெச்.எம். மேடம் அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது அவள் தேர்ட் குரூப். லேப் கோட்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டாள். வராந்தாவுக்கு அந்தப் பக்கத்து வகுப்பு, நாலு பத்துக்கு விட்டுவிடுவார்கள்.

போவதற்கு முன் எனக்குப் புது சார்ட் ஒன்று வரைந்து கொடுத்தாள். நான்தான் மறுபடியும் அப்பாவின் வண்டிக்கு மாற வேண்டுமே. ஐந்தேகாலிலிருந்து ஐந்து ஐம்பது வரை ‘அப்பா வண்டி’. அதற்குக் கீழே பச்சையில் ‘சும்மா’.

இப்போது அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் இருந்தது பழைய பைக். நீளமான சீட். அப்பா ஒல்லி, நான் அவரைவிட ஒல்லி. தினமும் ஐந்து இருபதுக்குப் பள்ளி வாசலுக்கு வந்து நிற்பார். ஏரிக்கரை வழியாகத்தான் வீட்டுக்குப் போவோம். காலனியைத் தாண்டித்தான் போவோம். அவள் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து எங்களோடு ஏறிக்கொண்டிருந்தால் போதும். அம்மா நாலு நாற்பது பஸ்ஸில் போய்த் தண்ணீர் பிடித்திருப்பார். டிரைவரும் வேண்டாம், டெப்போவும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். இது எனக்கு ஜூன் மாதமே தெரியும். கணக்கு வராத என் மண்டைக்கே தெரிந்தது என்றால் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

நான் அப்பாவைக் கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து யாரும் காலனிப் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்ததில்லை. அப்படி வரக்கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் ‘அதுக்கின்னா, வரச் சொல்லு’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் ஃபர்ஸ்ட் குரூப்பில் இரண்டு வருஷம் தவளை வரைந்தேன். அந்தத் தவளையால் எனக்கு இன்றுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவள் என்னிடம் ஒருநாளும் முகம் கோணவில்லை. வராந்தாவில் பார்த்தால், “சும்மா இருந்தியா நேத்து?” என்று மட்டும் கேட்பாள். இருந்தேன் என்பேன். தேர்ட் குரூப் முழுமைக்கும் சார்ட் போட்டுக் கொடுத்தாள் என்று கேள்வி. பப்ளிக் எக்ஸாமுக்கு முந்தின வாரம் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் வராந்தா தாண்டிப் போய் அவளிடம் வரிசையில் நின்றார்கள். நாலு பத்து ஆனதும் பேனாவை மூடிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். லேப் ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். நான் பார்ப்பேன்.

ப்ளஸ் டூ முடிந்து நான் சென்னைக்கு வந்துவிட்டேன். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். என்னிடம் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று குரல் வருகிறது. ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள், எந்த ஷிஃப்ட் ஆட்களுக்கு எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கட்டம் போடுகிற வேலை என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி அது வேறு யாரோ என்றாள். நான் முதல் ஆளைத்தான் நம்புகிறேன்.

போன வருஷம் ஊரில் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். என் அறைச் சுவரிலிருந்து அந்தச் சார்ட்டை உரித்து எடுத்தேன். கிழியாமல் வந்துவிட்டதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ‘அப்பா வண்டி’க்குக் கீழே, பச்சையில் ‘சும்மா’ என்று எழுதியிருந்த இடத்தில், அழித்த பென்சிலின் தடம் தெரிந்தது. அழுத்தி எழுதுகிற கை அவளுக்கு. ரப்பர் போட்டாலும் தாளில் பள்ளம் போகாது. ‘மூணு பேர் – கேக்கணும்’ என்று எழுதியிருந்தாள். எழுதி, அழித்து, ஊதிவிட்டு, அதன் மேல் எனக்கு ஓய்வு போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. ஆபீஸ் ஐந்தரைக்கு விடுகிறார்கள். பின்சீட் காலியாகத்தான் வருகிறது. ஆனாலும் சிக்னலில் நிற்கும்போது, பின்னால் ஒரு ஆள் தாராளமாக உட்காரட்டும் என்று கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஏறிக்கோடி டைம்டேபிள்.